ஹர்க்கமானை எந்த வீட்டில் விடுவது

1

இந்தக் கதை எனக்குக் கோழித்தீவனக் கடையில் கிடைத்தது. ஏதாவது மடாலயத்துப் படிக்கட்டில் கிடைத்தது என்று சொன்னால் எனக்கும் கதைக்கும் மரியாதையாக இருக்கும். ஆனால் காலிம்போங்கில் இத்தனை வருடம் குப்பை கொட்டியதில் எனக்கு மடாலயத்தைவிடத் தீவனக் கடையோடுதான் பழக்கம் அதிகம். கடைக்காரி மன்சுபா குருங் என் கோழிகளுக்குத் தவிடு நிறுத்துக்கொண்டே கேட்டாள்: "சார், பழைய இங்கிலீஷ் கையெழுத்து படிப்பீங்களா? எங்க அப்பாவை எங்க அனுப்புறதுன்னு தெரியல."

அவள் அப்பா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

அந்த இரண்டு வாக்கியங்களோடுதான் நான் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கியது இப்படி:

[மலைச்சரிவில் பனி மெல்ல விலகிக்கொண்டிருந்த ஒரு

அன்று பனியே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அடுத்து:

[ஜீப் நிலையத்தில் டிக்கெட் கிழிக்கும் மன்சுபா, வருகிறவர்களிடமெல்லாம் "எங்கே போகணும்?" என்று கேட்பவள், தன் அப்பா மட்டும் எங்கே போக வேண்டும் என்று

இது ரொம்பப் பொருந்தியது. இவ்வளவு பொருத்தம் உடம்புக்கு ஆகாது என்று அவளைத் திரும்பத் தீவனக் கடையிலேயே உட்காரவைத்துவிட்டேன். உண்மையும் அதுதான்.

2

குருங் சாதிக்காரர் வீட்டில் ஒருவர் இறந்தால் எரித்ததோடு காரியம் முடிவதில்லை. பாச்யூ என்கிற பூசாரி வந்து உட்கார்ந்து, இறந்தவரை முன்னோர் ஊர்வரை கூட்டிப்போக வேண்டும். இந்த ஆற்றைத் தாண்டு, இந்தக் கணவாயில் மூச்சு வாங்கிக்கொள் என்று ஊர் ஊராகப் பெயர் சொல்லி நடத்திப்போய், கடைசியில் அவருடைய குலத்தார் வீட்டுக் கதவைத் தட்டி ஒப்படைக்க வேண்டும். குலப்பெயர் தப்பினால் வீடு தப்பும். வீடு தப்பினால் ஆள் வாசலிலேயே நிற்பார், என்றைக்கும்.

மன்சுபாவின் அப்பா ஹர்க்கமான் ஓய்வுபெற்ற ஹவில்தார். குருங்குகளில் நாங்கள் கோத்தானே குலம் என்று கேட்காதவர்களிடமும் சொல்லித் திரிந்தவர். காரியத்துக்கு நாள் குறித்து, பன்றிக்கும் சொந்தபந்தத்துக்கும் சொல்லியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, வீட்டு மனையைப் பெயர் மாற்றுவதற்காக மன்சுபா பழைய நிலப் பத்திரத்தை வெளியே எடுத்தாள். மனையை முதன்முதலில் வாங்கியவர் ஹர்க்கமானின் தாத்தா. அவர் பெயர் அதில் 'ஜஸ்பீர் லாமா' என்று இருந்தது.

* வெளியூர்க்காரர்களுக்கு லாமா என்றால் துறவி. எங்கள் மலையில் தாமாங் சாதிக்காரர்களையும் லாமா என்றே எழுதுவார்கள். போதாததற்கு, குருங்குகளுக்குள்ளேயே லாமா என்று தனியாக ஒரு குலம் வேறு. ஒரு சொல்லுக்கு மூன்று வாசல்; மூன்றிலும் கோத்தானே கிடையாது.

"எழுதுனவன் தூக்கக் கலக்கத்துல எழுதியிருப்பான், விடு நானி" என்றார் காஞ்சா காகா. ஹர்க்கமானின் கடைசித் தம்பி; மன்சுபாவை இன்னும் 'நானி', அதாவது குழந்தை, என்றுதான் கூப்பிடுவார். எழுபதைத் தாண்டியும் வாயில் சுர்ப்பிப் பாற்கட்டியை ஒதுக்கிவைத்து மெல்லுகிற பல் உள்ளவர்.

"விட்டுட்டு? அப்பா போய் யாரோ வீட்டு வாசல்ல நிக்கட்டும்ங்கிறீங்களா?"

"பட்டாளத்துல எத்தனை வாசல்ல நின்னு காவல் காத்தவன். நிக்கத் தெரியாதா?"

"காகா!"

"சரி சரி, சும்மா சொன்னேன்."

3

ஜஸ்பீரும் பட்டாளத்தில் இருந்தவர்தான். அவருடைய படைப்பிரிவில் இப்போது வேலை பார்க்கும் உறவுக்காரன் ஒருவனைப் பிடித்து, அவர் சேர்ந்த காலத்துப் பதிவேட்டிலிருந்து ஒரு பக்கத்தின் நகலை மன்சுபா வாங்கியிருந்தாள். முதல் உலகப் போர்க் காலத்துக் கையெழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி. தவிட்டு மூட்டையின் மேல் விரித்துவைத்துப் படித்துச் சொன்னேன். ஜஸ்பீர் குருங். குலம் கோத்தானே. ஊர் தோபாங். வலது புருவத்தில் தழும்பு.

பத்திரத்தையும் பக்கத்தில் வைத்தாள். ஜஸ்பீர் லாமா. ஊர் தோபாங். வலது புருவத்தில் தழும்பு.

"ஒரே ஆளுதான்" என்றாள் மன்சுபா. "எந்தப் பேப்பர்ல பொய் சொன்னார் சார்?"

என்னைக் கேட்டால்? கடையில் உட்கார்ந்திருந்த காகாதான் பதில் சொன்னார். "அந்தக் காலத்துல தாமாங்னா பட்டாளத்துல எடுக்க மாட்டாங்கன்னு சொல்வாங்க. பசியில வந்து நிக்கிறவன்கிட்ட நீ என்ன சாதின்னு கேட்டா, உங்களுக்கு எது வேணும்னுதான் கேப்பான்."

"அப்ப நாம தாமாங்கா?"

"நான் அப்படிச் சொன்னேனா? இந்த வயசுல புதுசா ஒரு சாதியெல்லாம் எனக்குத் தாங்காது நானி."

தாமாங்குகளுக்குக் காரியம் செய்கிற லாமா ஒருவரிடமும் அவள் போனாள். அவர் தன்மையாகத்தான் பேசினார். "தாராளமா செய்யலாம்மா. தாமாங்ல என்ன குலம்? மோக்தானா, யோன்ஜனா, வாய்பாவா?" அவளுக்குத் தெரியவில்லை. "பேர் தெரியாம கூப்பிட்டா யாரு திரும்பிப் பார்ப்பா?" என்றார் அவர்.

(ஜஸ்பீருக்கு யார் காரியம் செய்தார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவருடைய மகன் பர்மா எல்லையில் போரில் இறந்தவர், உடல்கூட வரவில்லை. ஜஸ்பீர் போனபோது பேரன்களுக்குக் கால்சட்டை போடத் தெரியாத வயது. நிறைய ஆட்கள் வந்தார்கள், கறி நன்றாக இருந்தது என்பது மட்டும்தான் காகாவின் நினைவு.)

4

இந்த இடத்தில் நான் மூன்று ஜஸ்பீர்களை எழுதிப் பார்த்தேன்.

முதல் ஜஸ்பீர் தாமாங். பட்டாளத்துக்காகக் குருங் ஆனவன், போர் முடிந்து சொந்தமாக மண் வாங்கும்போது மனசு கேட்காமல் உண்மையைச் சொன்னவன். இவனை எனக்கு ரொம்பப் பிடித்தது. பிடித்ததாலேயே நம்பவில்லை. இரண்டாமவன் லாமா குலத்துக் குருங். வரிசையில் முன்னால் நின்றவனின் குலத்தை எழுத்தர் இவனுக்கும் சேர்த்து எழுதிவிட்டார். நடக்கக்கூடியதுதான், ஆனால் கதைக்கு உப்புச்சப்பில்லை. மூன்றாமவன் மடத்திலிருந்து தப்பி ஓடிவந்த இளம் துறவி. இவனுக்கு ஆசை ஆசையாக நாலு பக்கம் எழுதினேன், ஒரு காதல்கூட வைத்தேன்.

[அவள் ஆற்றின் அக்கரையில் நிற்க, இவன் காவி உடையை அவிழ்த்து

போதும் என்று பேனாவை மூடினேன். நான் இங்கே கொள்ளுத்தாத்தாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மன்சுபாவோ அப்பாவை நடுவழியில் நிறுத்திவைத்துவிட்டுச் சோறு இறங்காமல் இருக்கிறாள். வெட்கமாக இருந்தது. நாலு பக்கத்தையும் கிழித்துப்போட்டேன்.

5

காரியத்துக்கு முன்னதாகப் பேசிவைக்க ரண்தோஜ் பாச்யூ வீட்டுக்கு வந்தார். மன்சுபா எதையும் மறைக்கவில்லை. இரண்டு காகிதத்தையும் அவர் முன்னால் வைத்துச் சொல்லி முடித்தாள். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப உங்க அம்மா?" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"ஜித்மாயாவுக்கு நான்தானே செஞ்சேன்? பதினோரு வருஷம் இருக்குமே. உங்கப்பன் சொன்ன பேரை நம்பி, கோத்தானே வீட்டு வாசல்ல கொண்டுபோய் விட்டுட்டு வந்தேனே." கிழவர் காகிதங்களை மறுபடி பார்த்தார். "தப்பான வீட்டுல விட்டுட்டேனா நான்?"

மன்சுபாவுக்கு இது தோன்றவே இல்லை. அப்பாவுக்கு வழி தேடிப் போனவள் அம்மாவையும் தொலைத்துவிட்டு நின்றாள். முகம் தெரியாத யாரோ வீட்டின் முன்னால் அம்மா இத்தனை வருடமும் தனியாக நின்றிருப்பாள் என்று நினைத்ததும், அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

[இங்கே நான் இரண்டு நாள் எழுதவில்லை. எந்த ஜஸ்பீரைக் கூட்டிவந்தாலும் இந்த அழுகையை நிறுத்த அவனுக்கு வக்கில்லை.]

நிறுத்தியது காகா. அவருக்கு முதலில் தோள் குலுங்கியது. அவரும் அழுகிறார் என்றுதான் நினைத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யாரு, எங்க அண்ணியா? வாசல்லயா? பதினோரு வருஷமா? அட போங்கப்பா! போன அன்னைக்கே அடுப்பங்கரைக்குள்ள பூந்திருக்கும். கோத்தானேக்காரங்களை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. உப்பு எங்க இருக்குன்னு அவங்க இப்ப அதுகிட்ட கேட்டுட்டு இருப்பாங்க."

மன்சுபாவுக்கு அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவைத் தெரிந்த யாருக்கும் வரும். மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பாச்யூ, அம்மாவை விட்ட இடத்துலயே அப்பாவையும் விடுங்க."

"நானி, அது தப்பான வீடா இருந்தா?"

"உள்ள இருந்தா உள்ள. வாசல்ல நின்னா வாசல்ல. அம்மா இருக்கிற இடம் அப்பாவுக்கு எப்படித் தப்பாகும்?"

கிழவர் கோப்பையை எடுத்து ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

"ஜித்மாயாவை யாரும் இதுவரைக்கும் திருப்பி அனுப்பலதான்" என்றார். "அந்த வழி எனக்கு நல்லாத் தெரியும்."

6

ஜஸ்பீர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. மன்சுபா இரண்டு காகிதத்தையும் ஒன்றாக மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டாள். எனக்கும் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. கதை எழுத வந்தவன் சொல்லக்கூடாத வார்த்தை, இருந்தாலும் சொல்கிறேன். பாச்யூ ஒத்துக்கொண்ட அன்று வீட்டில் எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

காரியம் நடந்தபோது நானும் போயிருந்தேன். பாச்யூ ஆறுகளைத் தாண்டினார், கணவாயில் நின்று மூச்சு வாங்கினார், ஒவ்வோர் ஊராகப் பெயர் சொல்லி ஹர்க்கமானைக் கூட்டிக்கொண்டே போனார். கடைசிக் கதவு வந்தது. குலப்பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டிய இடம். கொஞ்சம் தயங்கிவிட்டு, வேறெந்தப் பெயரையும் சொல்லாமல், "ஜித்மாயா! உன் ஆள் வந்திருக்கார், பாரு" என்று குரல் கொடுத்தார். மன்சுபா கண்ணை மூடிக்கொண்டாள்.

கதவு திறந்ததா இல்லையா என்று எனக்கு எழுதத் தெரியாது. அந்தப் பக்கம் நான் போனதில்லை. ஜஸ்பீரைத் தாமாங் ஆக்குவதோ குருங் ஆக்குவதோ மொட்டையடித்து மடத்துக்கு அனுப்புவதோ, எல்லாம் இனி உங்கள் இஷ்டம். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கதவுக்கு உள்ளேயோ வெளியேயோ, அவர்கள் இரண்டு பேரையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.