ஏப்ரல் வராத கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரர் வேதாந்தத்துக்குத் தேதி விஷயத்தில் விளையாடினால் பிடிக்காது. மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் தபால் பிரிவில் சேர்ந்து, அதே கட்டடத்தில் செக்‌ஷன் ஆபீசர் ஆனவர். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு காகிதத்தில்கூட முன்தேதி போட்டதில்லை. அவருக்குக் கீழே வேலை பார்த்த என் தம்பி சுந்தரேஷ், லீவு லெட்டரில் ஒரே ஒரு நாள் முன்னால் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, ஆறு மாசம் அவனோடு பேசவில்லை. தினசரிக் காலண்டர் தாளைப் படுக்கப் போகும்போது நான் கிழித்துவிட்டால், "இன்னும் ரெண்டு மணி நேரம் பாக்கி இருக்கே, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்பார்.

இப்படிப்பட்ட மனுஷரோடு தலைநகரத்து லக்ஷ்மிபாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் குடித்தனம் நடத்திக்கொண்டே, 1999-ல் மூன்றரை மாசம் நான் மார்ச் மாதத்திலேயே உட்கார்ந்திருந்தேன். திருட்டுத்தனம்தான். இல்லையென்று சொல்லவில்லை.

எங்கள் பெண் ஜ்யோத்ஸ்னா கல்யாணமாகிப் புனே போகும்போது தன் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனாள். "அம்மா, சீட்டாடிண்டிரு" என்றாள். நான் என்ன சீட்டாடவா பிறந்தேன்? ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் படம் வரையும் சாஃப்ட்வேர் ஒன்று இருந்தது. மார்ச் ஒன்றாம் தேதி அதைப் போட்டேன். கோடு இழுத்தால் கோடு, வட்டம் போட்டால் வட்டம், பிடிக்காவிட்டால் ஒரே தட்டில் பழையபடி. நாற்பத்தெட்டு வயசில் எனக்கு இப்படி ஒரு சாமான் கிடைக்கும் என்று யார் கண்டது? சமையலில் உப்பு அதிகமானால் இப்படித் திருப்ப முடிகிறதா?

முதலில் கொலு அழைப்பிதழ் மாதிரி ஒன்று, அப்புறம் பக்கத்து பிளாக் பூணூல் பத்திரிகை. அதைப் பார்த்துவிட்டு எங்கள் பஜனை மண்டலிச் செயலாளர் பத்மநாபன் வீட்டுக்கே வந்து, "மாமி, வெள்ளிவிழா மலர் தொண்ணூத்தாறு பக்கம். நீங்கதான் பண்ணித் தரணும்" என்றார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரே ஒரு சங்கடம். அந்த சாஃப்ட்வேர் முப்பது நாளைக்குத்தான். அதற்குமேல் திறக்காது. அதில் செய்த பக்கங்களை வேறு எதிலும் திறக்கவும் முடியாது. முழுசாக வாங்க நேரு ப்ளேஸில் விலை கேட்டேன். கேட்டுவிட்டு, அந்தக் கடைக்காரரிடமே ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இருபத்தொன்பதாம் நாள் யோசித்தேன். இந்த மிஷினுக்கு இன்றைக்கு என்ன தேதி என்று யார் சொல்கிறார்கள்? நாம்தானே? கடிகாரத்தை மார்ச் இரண்டுக்குத் திருப்பினேன். சமர்த்தாகத் திறந்துகொண்டது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற மாதிரி, மார்ச் இரண்டுக்குத் திருப்பிவிடுவேன். அவரிடம் மூச்சு விடவில்லை.

இதைவிடப் பெரிய கவலை தலைக்கு மேலே இருந்தது. நாங்கள் இருந்தது மாடி வீடு. முன்னறைக் கூரை மூன்று வருஷமாக ஒழுகுகிறது. அதுவும் சரியாகக் கம்ப்யூட்டர் மேஜைக்கு மேலே! மேஜையை நகர்த்தலாமே என்பீர்கள். ஸ்டெபிலைசர் மாட்டுகிற பெரிய ப்ளக் அந்தச் சுவரில்தான். எதிர்ச் சுவரில் கூலர். உள் அறையில் இரண்டு கட்டிலும் பீரோவும் போக ஒருவர் நிற்கலாம், அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு. ஜன்னல் கம்பியில் அவருடைய ஆபீஸ் குடையை விரித்துக் கட்டி, அதன் கீழே கம்ப்யூட்டரை வைத்திருந்தேன். பார்க்கிறவர்கள் சாமி புறப்பாடா என்று கேட்பார்கள்.

ஜூன் பிறந்துவிட்டது. மாசக் கடைசியில் மழை இறங்கினால் குடையாவது கிடையாவது! மலரில் அறுபது பக்கம் முடித்திருந்தேன். அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. சொட்டு உள்ளே போனால் என் பிழைப்பு போச்சு, பத்மநாபன் முகத்தில் முழிக்க முடியாது.

"ஏன்னா, பராமரிப்பு ஆபீஸுக்கு நேரே போய் ஒரு சத்தம் போடுங்கோளேன்."

"பதினோரு லெட்டர் எழுதியிருக்கேன். எல்லாத்துக்கும் காப்பி இருக்கு."

"காப்பியை வெச்சுக் கூரையை அடைக்க முடியுமோ?"

முறைத்தார். பன்னிரண்டாவது லெட்டர் எழுதுவது என்று முடிவு செய்தார். அவருடைய டைப்ரைட்டரில் ரிப்பன் வறண்டு போயிருந்தது. ஜூன் பன்னிரண்டு, சனிக்கிழமை காலையில், முதல் தடவையாக என் கம்ப்யூட்டர் முன்னால் குடைக்கடியில் உட்கார்ந்தார். ஆபீஸில் யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு பட்டனைத் தட்டினால் தேதி தானே விழுமாம்.

"பாத்தியா வத்சலா! மனுஷா தேதியைத் தப்பாப் போடலாம். மிஷினுக்குப் பொய் சொல்ல என்ன அவசியம்?"

நான் உள்ளே சாத்தமுதுக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடிக்கிற சத்தத்தில், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த நேரம் என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ! லெட்டரில் ஒவ்வொரு காற்புள்ளியையும் சரிபார்த்தவர், தேதியை மட்டும் பார்க்கவில்லை. கையெழுத்துக்குக் கீழே பேனாவால் தேதி போடுகிற வழக்கத்தைக்கூட விட்டுவிட்டார். "மேலயே இருக்கே, ரெண்டு தரம் எதுக்கு?" என்றார். இந்தக் கடிதத் தேதியிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் கூரையைச் சரிசெய்யாவிட்டால் தலைமைப் பொறியாளருக்கு எழுத வேண்டிவரும் என்று கடைசி வரியில் பயமுறுத்தி, சாயங்காலம் அவரே போய்ப் புகார்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

புதன்கிழமை காலை எட்டரைக்கு வாசலில் ஏணி வந்து நின்றது.

ஏணிக்குப் பின்னால் நாலு ஆட்கள். அவர்களுக்குப் பின்னால் வியர்த்து விறுவிறுத்துக்கொண்டு ஜூனியர் இன்ஜினியர் மல்ஹோத்ரா. மூன்று வருஷமாக அந்த ஆளின் நிழலைக்கூட நாங்கள் பார்த்ததில்லை.

"நமஸ்தே சாப்! மன்னிச்சிருங்க. இன்னிக்கே முடிச்சுத் தந்துடறேன்" என்றார் ஹிந்தியில்.

இவருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா? ஒழுங்கா எழுதினா ஒழுங்கா நடக்கும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஆபீஸுக்குப் போன் பண்ணி லீவு சொன்னார். எனக்கும் ஆச்சரியம்தான். நாலே நாளில் ஏணியா? எந்த ஊர் சர்க்கார் இது?

கொத்தனார் மூக்கன் விழுப்புரம் பக்கத்துக்காரர். மொட்டை மாடியிலிருந்து கத்தினார்: "யம்மா! மேல அரசமரமே மொளச்சி நிக்குது. வேர் ஒரு கை நீளம் எறங்கியிருக்கு. இன்னும் ரெண்டு வருசம் உட்டிருந்தா அதும் அடியிலயே உக்காந்து நீங்க கம்ப்யூட்டர் ஓட்டியிருக்கலாம்!"

மத்தியானத்துக்குள் மேலே பழைய கல்லெல்லாம் பெயர்த்தாகிவிட்டது. அப்போது மேற்கே வானம் மஞ்சளாகி, அப்புறம் கறுத்தது. ஆந்தி என்கிற புழுதிப்புயல் வரப்போகிறது, கூடவே மழையும். கூரை திறந்து கிடக்கிறது. போர்வை, ரெயின்கோட்டு, மேஜை விரிப்பு, எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் மேல் போர்த்தினேன்.

அந்த நேரம் பார்த்து மல்ஹோத்ரா ஃபைலோடு வந்தார். குரலைத் தாழ்த்தி, "சாப், இந்த விஷயத்தை மேலே எழுதிடாதீங்க. உங்க லெட்டர் எங்க அலமாரிக்குப் பின்னாடி விழுந்து கிடந்திருக்கணும். திங்கக்கிழமைதான் கண்ணுல பட்டது. நீங்க கொடுத்த தொண்ணூறு நாள் ஜூன் ஆறாம் தேதியே முடிஞ்சுபோச்சு. பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடலை" என்றார்.

"ஜூன் ஆறா?" என்று இவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு லெட்டரை வாங்கினார்.

மேலே, வலது ஓரத்தில், அழகாக அச்சாகியிருந்தது: 8 மார்ச் 1999.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ பெருமாளே! அடுப்பங்கரை வாசற்படியில் அப்படியே நின்றேன். இவர் லெட்டரைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். போர்வைக்குள் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ், அத்தனையும் அந்தப் பார்வையில் இருந்தது.

"இந்தத் தேதி..." என்று ஆரம்பித்தார்.

"தேதியெல்லாம் சரிதான் சாப்! இதோ பாருங்க, எங்க பதிவேட்டிலயும் ஏத்திட்டேன்" என்று மல்ஹோத்ரா அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினார். 'வரப்பெற்றது, 11 மார்ச்' என்று முத்திரை. பக்கத்தில், 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்று ஈரம் காயாத மையில் எழுதியிருந்தது. என் பொய்க்கு சர்க்கார் முத்திரையே விழுந்துவிட்டது!

இவர் முகம் வெளிறிப்போயிற்று. மல்ஹோத்ராவும் கவனித்துவிட்டார்.

"ஏன் சாப், லெட்டர்ல ஏதாவது கோளாறா? அப்படின்னா வேலையை இப்பவே நிறுத்திட்டு நான் மேலிடத்தைக் கேக்கணும்."

மேலேயிருந்து மூக்கன், "யம்மா, தூத்தல் போடுது! தார் ஊத்தட்டுமா வாணாமா?" என்று குரல் கொடுத்தார்.

தன் மச்சினனுக்கே ஒரு நாள் விட்டுக்கொடுக்காத மனுஷர். அறுபது பக்கமும் போச்சு என்றுதான் நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அதையும் பார்த்தார்.

கண்ணாடியைக் கழற்றி, வேஷ்டி நுனியால் மெதுவாகத் துடைத்தார். அப்புறம் மல்ஹோத்ராவிடம் ஹிந்தியில் சொன்னார்: "கையெழுத்து என்னுடையதுதான்."

அவ்வளவுதான். மல்ஹோத்ரா பெருமூச்சு விட்டார். "ஊத்துங்கோ, ஜல்தி ஊத்துங்கோ!" என்று நான் மாடிப்படியில் நின்று கத்தினேன். மூக்கனும் ஆட்களும் தூறலிலேயே தாரை ஊற்றி, செங்கல் பாவி, மேலே தார்ப்பாயும் போட்டு மூடினார்கள். அவர்கள் இறங்கி டீ குடிக்கும்போது பெரிய மழை பிடித்துக்கொண்டது.

எல்லோரும் போனபிறகு நாங்கள் இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். அரை மணி நேரம் கொட்டியது. ஒரு சொட்டு இறங்கவில்லை. இவர் போய்க் குடையை அவிழ்த்து மடித்தார்.

"இப்ப சொல்லு."

சொன்னேன். சிடி, முப்பது நாள், ஞாயிற்றுக்கிழமை, எல்லாம். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன்.

"இன்னிக்கு இதுல என்ன தேதி?"

"மார்ச் அஞ்சு."

கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "அப்போ எட்டாம் தேதி நான் எழுதின லெட்டருக்கு, அஞ்சாம் தேதியே ரிப்பேர் ஆயிடுத்தா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "வத்சலா, இது தப்பு. நான் திருத்தம் எழுதியே ஆகணும். அவன் பதிவேட்டுல பொய் உக்காந்திண்டிருக்கு."

"எழுதுங்கோ. மலர் முடிஞ்சப்பறம் எழுதப்படாதா? திரும்பி வந்து கூரையைப் பேத்துடப் போறான்."

"பேக்கமாட்டான். ஆனாலும் எழுதணும்" என்று உள்ளே போனார். அவரோடு பேசி ஜெயிக்க முடியுமா? நான் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை நான் கோல் மார்க்கெட் போய்விட்டு வந்தபோது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். "திருத்தக் கடிதத்தை அடிச்சு வெச்சுட்டேன்" என்றார். எட்டிப் பார்த்தேன். எட்டாம் தேதியிட்ட கடிதத்தில் தேதி தவறு, அதற்குத் தாமே முழுப் பொறுப்பு என்று பளிச்சென்று எழுதியிருந்தார். மேலே தேதி, 1 ஏப்ரல் 1999.

"இதென்னன்னா, ஏப்ரல்?"

"முன்தேதி நான் போடமாட்டேன்னு நோக்குத் தெரியும். இந்த மிஷின்ல இன்னிக்கு மார்ச் எட்டு. ஏப்ரல் ஒண்ணு பின்னாடிதானே வரது? அன்னிக்குப் பிரிண்ட் எடுத்துக் குடு. கையெழுத்துப் போட்டு அன்னிக்கே அனுப்பிடறேன்."

முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. ஆபீஸ் ஃபைலில் குறிப்பு எழுதுகிற அதே முகம். நானும் சரி என்று தலையாட்டினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தலைக்குக் குளித்துவிட்டு வந்து, வழக்கம்போலக் கடிகாரத்தைத் திருப்ப உட்கார்ந்தேன். உள் அறையில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திரையின் மூலையைப் பார்த்தேன்.

ஏற்கெனவே மார்ச் இரண்டு ஆகியிருந்தது.