கற்றாழைக் கை

திங்கட்கிழமை காலையில் பேருந்து. அதற்குள் குழந்தை பால் மறக்க வேண்டும். இல்லாவிட்டால் நோகான்யோ மீன் தொழிற்சாலை வேலைக்குப் போக முடியாது. அந்த இடத்துக்கு வேறு பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

அவள் அப்பா ஸ்வெலாக்கே கவலைப்படவில்லை. மலைச்சரிவில் முள்கற்றாழை வெட்டிச் சாறு வடிக்கிற கிழவர். மனிதரில் ஒருத்தரையும் நம்பமாட்டார், அந்தச் செடியை நம்புவார். மாட்டு உண்ணிக்கு அது, தீப்புண்ணுக்கு அது. கோழி தூங்கி விழுந்தால் தண்ணீரில் ஒரு மடல். வயிறு இறுகியவனுக்குக் காய்ச்சிய சாற்றில் மிளகளவு கட்டி. பால் மறக்கடிக்கவும் அதுவேதான்.

வியாழனன்று பள்ளம் தோண்டி ஆட்டுத்தோல் விரித்தார். அடி மடல்களை மட்டும் வெட்டி, வெட்டுவாய் உள்ளே பார்க்க வட்டமாக அடுக்கினார். குருத்தில் கை வைத்தால் செடி போய்விடும். சாயங்காலம் மஞ்சள் சாறு தேங்கியது. கிண்ணத்தில் மொண்டுவந்தார்.

நோகான்யோ மார்பில் தடவிக்கொண்டாள். ஒன்றரை வயது லுத்தோ வாய் வைத்தான், ஊர் கேட்க அலறினான். கிழவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா ஊட்டினால் பால் நினைவு வருமென்று, சோளக்களியை அவரே உருட்டி ஊட்டினார். துப்பினான். மறுபடி ஊட்டினார். மறுபடி துப்பினான். பிறகு அம்மாவிடம் ஓடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு கசப்போடே குடித்தான்.

வெள்ளியும் அப்படியே. சனியும்.

"நீ தொடச்சிட்டுத்தானே குடுக்கறே?"

"இல்லப்பா! என் துணி கசக்குது, கம்பளி கசக்குது. இன்னும் எங்க தடவச் சொல்றீங்க?"

"அப்ப மாவுலதான் கோளாறு. அந்த நோமலிசோ அரைச்சது. அவ மொகமே சரியில்ல."

பக்கத்து வீட்டு நோமலிசோ வேலிக்கு அந்தப்புறம்தான் நின்றிருந்தாள். விறுவிறுவென்று வந்தாள். மரியாதைக்குக் குலப்பேர் சொல்லியே கூப்பிட்டாள்.

"ட்லோமோ, என் மாவுக்கு என்ன கேடு?" சட்டியிலிருந்து ஒரு கிள்ளு எடுத்துத் தின்றாள். "நல்லாத்தானே இருக்கு. நீங்க உருட்டினத குடுங்க." வாயில் போட்டவள் வாசலுக்கு ஓடித் துப்பினாள். "கையக் காட்டுங்க! மார்லயும் கசப்பு, களியிலயும் கசப்பு. ரெண்டும் ஒண்ணுன்னா புள்ள ஆத்தாளத்தானே புடிச்சிக்கும்?"

ஸ்வெலாக்கே விரலை நக்கிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. முப்பது வருடமாக அந்தச் சாற்றிலேயே ஊறிய கை, அதற்குப் பழகிப்போன நாக்கு.

"மூணு தடவ சாம்பல் போட்டுத் தேச்சேன், மணல் போட்டுத் தேச்சேன், இன்னுமா போகல?" முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்கு எவ்வளவு வீரியம் பாத்தியா!"

"வீரியம் இருக்கட்டும். தள்ளி உக்காருங்க."

நோமலிசோ ஒரு உருண்டை நீட்டினாள். லுத்தோ அதை முகர்ந்தான், தாத்தாவை முறைத்தான், நுனி நாக்கால் தொட்டான். பிறகு முழுசாக வாங்கிக்கொண்டான். ஞாயிறு முழுக்க அவள் கையால்தான் தின்றான். பாலுக்கு இரண்டு முறை அழுதான், கசப்பைக் கண்டதும் விட்டுவிட்டான்.

நோகான்யோ பெட்டி கட்டினாள். கிழவர் வேலியோரம் போய், செருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நாளையிலேர்ந்து நீ வந்து ஊட்டுவியா?"

"என் மொகம் பரவாயில்லையா?"

"புள்ளைக்குப் புடிச்சிருக்கு. நான் பாத்தா என்ன, பாக்காட்டி என்ன."

திங்கட்கிழமை பேருந்து புழுதி கிளப்பிக்கொண்டு போனது. லுத்தோ கொஞ்சம் கத்தினான். நோமலிசோ மடியில் வைத்து உருண்டையை நீட்டியதும் வாய் திறந்தான். ஸ்வெலாக்கே கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, பத்தடி தள்ளி நின்று பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் பெருசா உருட்டு. வாங்கறான் பாரு."