இல்லை என்று போட்ட கட்டங்கள்

மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்ட்டர் முன்னால், இரும்பு நாற்காலியின் விளிம்பில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் நான்கு வருடப் பாலிசிக் காகிதங்கள், ஒரு மடிப்புக்கூடக் கலையாமல். தம்பியைக் கண்டதும் அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. பாலிசியைப் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் அவன்தான்.

"வந்துட்டியா? உங்க அத்தான் ஆபரேஷனுக்குக் கிளெய்ம் கிடையாதுன்னு இந்தப் பொண்ணு சொல்லுது. நீயே கேளு. உங்க பாஷை எனக்கு எங்க புரியுது?"

கவுன்ட்டர் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "முன்பே இருந்த நோயை மறைச்சிருக்காங்க சார். ஆறு வருஷமா பிரஷர் மாத்திரை சாப்பிடறதா பேஷன்ட்டே டாக்டர்கிட்ட சொல்லியிருக்கார். ஆனா விண்ணப்பத்துல ரத்த அழுத்தம் 'இல்லை'ன்னு டிக் இருக்கு. அதான் கம்பெனி பாலிசியையே ரத்து பண்ணிடுச்சு."

"நாங்க எதையும் மறைக்கலையேம்மா." அக்கா தம்பியின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "டேய், அவர் உங்கிட்ட சொல்ல மறந்துட்டாரோ? கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டே வீடு பூரா தேடுற மனுஷன். தப்பு எங்க மேலதான் இருக்கும்."

அவன் உறைக்குள் தெரிந்த விண்ணப்ப நகலைப் பார்த்தான்.

அத்தான் மறக்கவில்லை. நான்கு வருடங்களுக்கு முன், லேத் பட்டறையில் மதிய இடைவேளை. பென்சிலால் அவன் குறியிட்ட இடங்களில் எல்லாம், எண்ணெய்க் கையைத் துடைத்துத் துடைத்துக் கையெழுத்துப் போட்டார் அத்தான். "பிரஷர் மாத்திரை போடறேன் மாப்ள, அதையும் எழுதிக்க" என்றார். "அதெல்லாம் ஒரு நோயா அத்தான்? எழுதினா டெஸ்ட்டு அது இதுன்னு இழுத்தடிப்பாங்க" என்று சிரித்தான் இவன். மாதக் கடைசி அது. இலக்கை எட்ட இரண்டு பாலிசி குறைந்தது. வெற்றுப் பாரத்தில் முதலில் கையெழுத்து, நிரப்புவது வீட்டில் என்பதே அவன் வழக்கம். அன்றும் டிவி பார்த்தபடியே நோய்ப் பட்டியல் நெடுக 'இல்லை' 'இல்லை' என்று டிக் அடித்துக்கொண்டு போனான்.

"சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" பதில் தெரிந்தும் கேட்டான்.

"மூணு வருஷம் காத்திருப்புக் காலம் சார். அதுவரைக்கும் அந்த நோயால வர்ற செலவைக் கம்பெனி ஏத்துக்காது. அதுக்கப்புறம் ஏத்துக்கும். இதுக்குத்தான் நாலு வருஷம் ஆயிடுச்சே. சொல்லியிருந்தா இன்னிக்கு ஆபரேஷனுக்குக் கிடைச்சிருக்கும்."

இருவரும் வார்டுக்குப் போனார்கள். அத்தான் சாய்ந்து படுத்திருந்தார். "வா மாப்ள. என் இதயத்துல மூணு எடத்துல அடைப்பாம். தண்ணிக் குழாயா இருந்தா நானே கழட்டி மாட்டியிருப்பேன்."

அவன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தான், நீங்க சொன்னீங்க. நான்தான் எழுதல."

அக்கா அவனைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த உறையைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் கேட்டது வேறு.

"கூடப் பொறந்தவளுக்கே இப்படின்னா, மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் அப்படித்தான்க்கா."

அக்காவிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, மருந்து மேசையின் ஓரத்தில் வைத்து எழுதினான். நோயைப் பற்றி அவர் சொன்னார். எழுதாமல் விட்டது நான். அவரது கோரிக்கையை மறுபடி பரிசீலிக்க வேண்டும்.

"இதைக் குடுத்தா உன் லைசென்ஸ் என்ன ஆகும்?" என்றார் அத்தான்.

"போயிடும்."

"காசு கிடைச்சுடுமா?"

"தெரியல அத்தான். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்."

அத்தான் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடிதத்தைக் கவுன்ட்டரில் கொடுத்துவிட்டு அவன் வராந்தாவுக்கு வந்தான். போனில் வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்தான். முதலில் இருந்தது பேக்கரிக்காரர்.

"அண்ணே, உங்களுக்குச் சுகர் இருக்குல்ல? பாரத்துல இல்லைன்னு போட்டது நான்தான். கம்பெனிக்கு உண்மையை எழுதிக் கொடுத்துடலாம். பிரீமியத்தை ஏத்துவாங்க, கொஞ்ச காலம் காத்திருக்கச் சொல்வாங்க, வேண்டாம்னு தள்ளினாலும் தள்ளுவாங்க. ஆனா இப்பவே தெரிஞ்சுடும். மறைச்சா, படுக்கையில விழுற அன்னிக்குத்தான் தெரியும், கையில இருக்கறது வெறும் காகிதம்னு. இனிமே யார் நீட்டினாலும், நானே நீட்டினாலும், நிரப்பாத பாரத்துல கையெழுத்துப் போடாதீங்க. ஒரு வார்த்தை புரியலைன்னாலும் புரியற வரைக்கும் கேளுங்க."

பேக்கரிக்காரரின் குரல் வந்தது.

"இதை அன்னிக்கே சொல்றதுக்குத்தானே தம்பி ஏஜென்ட்டுன்னு ஒருத்தர்?"