பதிவு இல்லை

சர்வரை மாற்றியது நான்தான். யாரையும் கைகாட்டப் போவதில்லை.

எங்கள் மருத்துவமனையில் பிணவறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. அதன் விசாரணை ஜன்னல் மேலே. காணாமல்போனவர்களைத் தேடி வருகிறவர்கள் அங்கே வயது, உயரம், அடையாளம் சொல்வார்கள். ஜன்னலில் இருக்கும் அக்கா அதைக் கணினியில் தட்டிப் பார்ப்பார். அடையாளம் தெரியாத உடல்களில் ஒத்துப்போவது இருந்தால் கீழே அனுப்புவார். இல்லாவிட்டால் திரையில் "பதிவு இல்லை" என்று வரும். இல்லை என்று சொன்னால் சந்தோஷப்படுகிற வரிசையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மருத்துவமனைப் பதிவுகளையெல்லாம் புதிய சர்வருக்கு மாற்றி ஓட்டிய முதல் நாள், ஜன்னல் கணினியிலிருந்த பழைய தேடல் மென்பொருள் முரண்டு பிடித்தது. புதிய சர்வர் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் விதமே வேறு. பழையதுக்கு அது தெரியாது. புதிய மென்பொருளைப் போடலாம் என்றால் அந்தக் கிழட்டுக் கணினி அதை ஏற்கவில்லை. "இணைக்க முடியவில்லை" என்று சிவப்பில் வந்துகொண்டே இருந்தது. வரிசை வாசல்வரை நீண்டது. மேலாளர் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"பத்து மணிக்குள்ள ஓடணும்ப்பா. எப்படியாவது பண்ணு."

எப்படியாவது பண்ணினேன். அணைக்க வேண்டிய பழைய சர்வரை அணைக்காமல் விட்டு, ஜன்னல் கணினியை அதிலேயே கோத்துவிட்டேன். வேறு கணினி வரும்வரை தினமும் சாயங்காலம் புதுப் பதிவுகளை நானே அதில் நகலெடுத்துப் போடுவதாக ஏற்பாடு. யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமே சொல்லிக்கொண்டேன். முதல் நாள் போட்டேன். மறுநாள் மருந்தகத்தில் கோளாறு, அதற்கடுத்த நாள் எக்ஸ்ரே பிரிவில். அடியோடு மறந்துபோனேன். சிவப்பில் ஒரு பிழை வந்திருந்தால் யாராவது கத்தியிருப்பார்கள். வரவில்லை. பாவி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நான்காம் நாளிலிருந்து, தையல்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா தம்பியைத் தேடி தினமும் வந்தார். முப்பத்தொரு வயது, இடது புருவத்தில் வெட்டுத்தழும்பு. "இல்லம்மா" என்று அக்கா சொன்னதும் முகம் தெளியும்.

"அப்ப எங்கயோ நல்லாத்தான் இருக்கான். வரட்டும், வச்சுக்கறேன் அவனை."

அதைக் கேட்டு இரண்டு தடவை நானும் சிரித்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் காலை பிணவறை அண்ணன் மேலே வந்தார். நான் ஜன்னலுக்குள் பிரின்டரைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க்கா, பத்து நாளா ஒருத்தரையும் கீழ அனுப்பலையே? தேடறதையே விட்டுட்டாங்களா சனங்க?"

"வந்துட்டுத்தான் இருக்காங்க. இதுலதான் ஒண்ணுமே காட்டலை."

சாயங்கால நகல் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. மடிக்கணினியில் புதிய சர்வரைத் திறந்து தேடினேன். ஆண், முப்பது வயது மதிக்கத்தக்கவர், இடது புருவத்தில் தழும்பு, சாலை விபத்து. மூன்றாம் நாள் வந்திருக்கிறார். உரிமை கோரி யாரும் வராததால் விதிப்படி ஏழு நாள் வைத்திருந்து, பத்தாம் நாள் எரித்துவிட்டார்கள்.

அந்த அம்மா அன்றைக்கும் வந்தார். "நான் சொல்றேன்" என்று அக்கா எழுந்தார். வேண்டாம் என்று நானே வெளியே போய், பெஞ்சில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"மெஷின் தப்பா தம்பி?"

"இல்லம்மா. என் தப்பு."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நான் தினமும் வந்து நின்னேனே. அப்ப அவன் எங்க இருந்தான்?"

"கீழம்மா."

"கீழன்னா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"வரிசை நிக்குதில்ல, அதுக்கு நேர் கீழ."

அவர் தரையைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் மெதுவாகத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்.