கால் ஊன்றாத எட்டு

கேரளத்தில் ஸ்கூட்டர் லைசென்ஸ் வேண்டுமென்றால் எட்டு போட வேண்டும். மைதானத்தில் கம்பிகளை நட்டு, எட்டு வடிவத்தில் ஒரு பாதை வைத்திருப்பார்கள். கம்பியில் இடிக்காமல், கால் ஊன்றாமல் சுற்றி வெளியே வந்தால் பாஸ். முதல் தடவை நான் கால் ஊன்றினேன். என் கால் என்னிடம் கேட்காமலே இறங்கிவிட்டது. இறக்கிவிட்டவர் என் கணவர் ராஜமணி.

அவர் பழவங்காடியில் குடைக்கடை வைத்திருக்கிறார். முப்பது வருஷமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறவர். அந்த முப்பது வருஷமும் பின்னால் உட்கார்ந்து வந்தவள் நான், சுசீலாபாய். கல்யாணத்துக்கு முன்பே லேப் டெக்னீஷியன் படித்தவள். பிள்ளைகள் இருவரும் பெங்களூருக்குப் போன பிறகு, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் வேலை ஒன்று கிடைத்தது. லைசென்ஸ் இருந்தால்தான் வேலை. இரண்டு மாதம் பொறுப்போம், அதற்குமேல் வேறு ஆள் பார்ப்போம் என்று லேபில் சொல்லிவிட்டார்கள். ஐம்பது வயது தாண்டியவளைத் தேடி இன்னொரு வேலை வராது. அது எனக்குத் தெரியும். என் காலுக்குத்தான் தெரியவில்லை.

ஓட்டத் தெரியாமல் இல்லை. எங்கள் சர்ச் வளாகத்தில் யாரும் இல்லாத நேரத்தில் எத்தனையோ எட்டு போட்டிருக்கிறேன். மைதானத்துக்குப் போனால், சுற்றிக் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இவர் நிற்பார்.

"சுசீ, காலைக் கவனி! கால் தரையில படப்பிடாது, கேட்டியா! முழங்கால இறுக்கிப் பிடி!"

அதுவரை எனக்குக் கால் என்று ஒன்று இருப்பதே ஞாபகத்தில் இருக்காது. இவர் ஞாபகப்படுத்துவார். குனிந்து பார்ப்பேன். பார்த்ததும் அது இறங்கிவிடும். இரண்டாம் தடவையும் அப்படியே நடந்தது.

"அப்பவே சொன்னேன்லா, காலைக் கவனின்னு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வண்டியை அவர்மேலேயே ஏற்றியிருப்பேன்.

டெஸ்ட் நடத்தும் இன்ஸ்பெக்டர் சத்தியதாஸ் பாறசாலைப் பக்கத்துக்காரர். தமிழ், மலையாளம் இரண்டும் பேசுவார். கயிற்றருகே வந்தார்.

"சாரே, டெஸ்ட் உங்களுக்கா, அவங்களுக்கா?"

"நான் முப்பது வருஷமா ஓட்டுறவனாக்கும்."

"அப்படியா? லைசென்ஸக் காட்டுங்க பாக்கட்டு."

இவர் பர்ஸிலிருந்து எடுத்து, கட்டைவிரலால் ஒருமுறை துடைத்து, பெருமையாகக் கொடுத்தார். சத்தியதாஸ் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சே சாரே. ஒரு வருஷம் தாண்டினா பின்ன ஆதியில இருந்து வரணும். எட்டும் போடணும்."

அன்றைக்கு ஸ்கூட்டரை மைதானத்திலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வந்தோம். வழியெல்லாம் இவர் ஆட்டோக்காரருக்கு வளைவு சொல்லிக்கொடுத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த மாதம் இருவருக்கும் ஒரே நாளில் டெஸ்ட். லேப் தந்த தவணை அந்த வாரத்தோடு முடிகிறது. என் பெயரை முதலில் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் தள்ளி நிற்க வேண்டும் என்று சத்தியதாஸ் இந்தத் தடவை கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், இவர் எதிரே இருந்த டீக்கடைக்குப் போய்விட்டார். ரோட்டுச் சத்தத்தில் அங்கிருந்து கத்தினாலும் கேட்காது. ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், காலைக் கவனி என்ற குரல் எனக்குள்ளேயே கேட்டது. அதுவும் இவருடைய குரலில். கண் தானாகவே காலுக்குப் போயிற்று. இன்றைக்கும் போச்சு என்று நினைத்தபடியே வண்டியை நகர்த்தினேன்.

முதல் வளைவில் நிமிர்ந்தபோது டீக்கடை தெரிந்தது. இவர் கை பலகாரத் தட்டுக்குள் போயிற்று. வெளியே வந்தபோது அதில் ஒரு பழம்பொரி இருந்தது, நேந்திரம்பழத்தில் போடுகிற இனிப்பு பஜ்ஜி.

சர்க்கரை நோயாளி. வீட்டில் கோதுமைக் கஞ்சியைக் குடித்துவிட்டு, ஏசுவே என்று பெருமூச்சு விடுகிற மனுஷன். நான் காப்பிக்குக்கூட சர்க்கரை வாங்குவதை நிறுத்தியது இவருக்காகத்தான். எட்டின் நடுவில் வந்தபோது இடமும் வலமும் பார்த்துக்கொண்டு ஒரு கடி கடித்தார். அடுத்த வளைவில் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். இரண்டாவதை எடுத்தார்! இன்றைக்கு இந்த மனுஷனை விடக்கூடாது என்று வண்டியைத் திருப்பினால், நான் எட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

"பாஸ்" என்றார் சத்தியதாஸ். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். அடுத்து அவர் முறை என்பதால் பழம்பொரிக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். வண்டியில் ஏறினார். முப்பது வருஷமாக என் முகத்துக்கு முன்னால் இருந்த முதுகு அது. அன்றைக்கு விறைத்துப் போயிருந்தது. பாவமாக இருந்தது. எப்படியாவது பாஸாகட்டும் என்று மனதார நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

"இஞ்ச பாருங்க, காலைக் கவனிச்சுக்கிடுங்க! ஊனிராதீங்க!"

குனிந்து பார்த்தார். கால் இறங்கியது. போன மாதம் அவரைப் பார்த்த அதே பார்வையை சத்தியதாஸ் இப்போது என்மேல் திருப்பினார்.

வேலைக்குப் போன முதல் நாள் காலை, வெளியே கிளம்புவதற்குமுன் இவரிடமே ரத்தம் எடுத்தேன். ஊசியைக் கண்டால் இவருக்கு வியர்க்கும்.

"கையப் பாக்காதீங்க. இந்த மாசம் எத்தன ஞாயித்துக்கிழமைன்னு காலண்டரப் பாத்து எண்ணுங்க."

எண்ணி முடிக்கும்முன் பஞ்சை வைத்துவிட்டேன்.

"எடுத்தாச்சா?" என்று ஆச்சரியப்பட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "சுசீ, அன்னைக்கு எட்டு போடும்போ நீ எதப் பாத்து ஓட்டின?" என்று கேட்டார்.

"உங்களத்தான்."

முகம் மலர்ந்துவிட்டது. கடையில் குடை வாங்க வந்தவர்களிடமெல்லாம் அன்று முழுக்க அதைச் சொல்லியிருக்கிறார். என்னையே பாத்துக்கிட்டு ஓட்டினாளாக்கும், பாஸாயிட்டா.

சாயங்காலம் ரிசல்ட் வந்தது. மூன்று மாதச் சர்க்கரை, ஒன்பதரை. ஏழுக்குள் இருக்க வேண்டியது. டீக்கடைக்குப் போனது அன்றைக்கு மட்டும் இல்லை போல. தாளை அவர் கையில் கொடுத்தேன். படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"நீ என்னயத்தான் பாத்தியா?"

"ஆமா. ரெண்டாவது பழம்பொரி தீருறது வரைக்கும்."