இடது பக்கத்து ஸ்பீக்கர்

காருக்கு ஸ்பீக்கர் மாட்டுகிற தொழிலில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவருக்கு ஊர் வைத்த பெயர் காது. வயதில் சின்னவர்கள் காதண்ணன் என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அவர் மனைவிகூட வெளியாளிடம் பேசும்போது "எங்க வீட்டுக் காது" என்றுதான் சொல்லுவாள். சும்மா வந்த பெயரில்லை. எதிர்க்கடைக்காரன் மைக்கும் லேப்டாப்பும் வைத்துக்கொண்டு, திரையில் ஓடும் கோட்டைப் பார்த்துச் சத்தத்தைச் சரிசெய்கிறவன். இவர் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு டிரைவர் சீட்டில் கண்ணை மூடி உட்காருவார். ஒரே ஒரு வயலின் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, இங்கே ஒரு துளி ஏற்றி, அங்கே ஒரு துளி இறக்கிவிட்டு இறங்கினால் வேலை முடிந்தது. எதிர்க்கடை மைக்கைப் பற்றி யாராவது எடுத்தால், உப்புப் பார்க்க மெஷின் எதற்கு, நாக்கு போதாதா என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர் கடையில்தான் இன்று ஒரு சின்னக் கார் நாலு கதவும் திறந்து, உள்பலகைகள் கழன்று, டாஷ்போர்டிலிருந்து வயர் தொங்க, காலையிலிருந்து பரிதாபமாக நின்றுகொண்டிருந்தது.

கார் ஒரு பாட்டு டீச்சருடையது. கம்பெனி கொடுத்த பழைய ஸ்பீக்கர் காகிதம் கிழிந்த மாதிரி பேசுகிறது, நல்லதாகப் போட்டுக் கொடுங்கள் என்று போன வாரம் கொண்டுவந்து விட்டார். கதவுக்கு இரண்டு பெரிய ஸ்பீக்கர், கண்ணாடி ஓரத்தில் மெல்லிய கீச்சுச் சத்தத்துக்கு இரண்டு ட்வீட்டர், சீட்டுக்கு அடியில் சத்தத்தைப் பெருக்க ஆம்ப், டிக்கியில் கனத்த சத்தத்துக்கு வூஃபர். மாட்டியதில் ஒரு குறை சொல்ல முடியாது. இரண்டே நாளில் வண்டி திரும்பி வந்தது. இடது பக்க ட்வீட்டர் காதைக் குத்துகிறதாம். இவர் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தார். குத்துவதாவது! இடது பக்கம் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி மந்தமாக இருந்தது. சரிதான், அம்மாவுக்கு இடது எது வலது எது என்று தெரியவில்லை போல என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு, இடது பக்கத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தனுப்பினார்.

இன்று காலை டீச்சர் மறுபடியும் வந்து நின்றார். கத்துகிற மனுஷியில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நாள் முழுக்கப் பிள்ளைங்க சுருதியக் கேட்டுக் கேட்டுத் திருத்தறவ நான். எனக்கு இடது வலது தெரியுங்க. முடியலேன்னா முடியலேன்னு சொல்லிடுங்க, எதிர்க்கடையில விட்டுக்கறேன். அஞ்சு மணிக்கு வரேன்."

இந்த மாதத்தில் திரும்பி வந்த மூன்றாவது வண்டி இது. முதலில் வந்தது ஒரு டாக்ஸிக்காரன். உன் காதில் அழுக்கைக் குடைந்துவிட்டு வா என்று விரட்டிவிட்டார். இரண்டாவதற்கு, சரக்கு அனுப்பியவன்மீது பழியைப் போட்டு அவனோடு போனில் அரை மணி நேரம் மல்லுக்கு நின்றார். மூன்றாவதுக்கு யார் தலையை உருட்டுவது? இந்தக் கார் மட்டும் தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனால் இருபத்தாறு வருஷப் பெயர் இன்றோடு காலி. பெயர் போனால் கடையில் மிஞ்சுவது ஒரு ஸ்க்ரூடிரைவரும் நாலு சுருள் வயரும்தான்.

அவர் மனசு வேறு ஏற்கெனவே புண்ணாகிக் கிடந்தது. ஒரே மகள். இருபத்துமூன்று வயதாகியும் அவருக்கு இன்னும் பாப்பாதான். அவள் வேலைக்காகக் கடல் தாண்டிப் போகிறாள், இரண்டு வருஷத்துக்கு. இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட பேப்பரைக் காட்டிய பிறகுதான் அவருக்கு விஷயமே தெரியும். தினமும் காலையில் தன் காரில் பக்கத்தில் உட்காரவைத்துக் கொண்டுபோய் ஆபீஸ் வாசலில் விடுகிற அப்பனிடம், போகட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டால் வாய் வலிக்குமா? கேட்டாளாம், கார்லயே கேட்டாளாம், நீங்கதான் ம்-னு சொன்னீங்களாம் என்றாள் மனைவி. அவருக்கு வந்த கோபத்துக்கு அளவேயில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள், இந்த வயதில் பெத்தவனிடமே பொய்யா என்று மகள் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். அதிலிருந்து பத்து நாளாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

போகட்டும். காருக்கு வருவோம்.

இந்தத் தொழிலில் ஒரு வழி உண்டு. ஒரு பக்கம் பழுது என்றால், வலதைக் கழற்றி இடதில் போடு, இடதை வலதில் போடு. சாமானோடு பழுதும் இடம் மாறினால் சாமான்தான் திருடன். மாறவில்லையா, திருடன் இன்னும் உள்ளே இருக்கிறான், அடுத்ததை மாற்று. ட்வீட்டர்களை மாற்றினார். இடது பக்கம்தான் மந்தம். கதவு ஸ்பீக்கர்களை மாற்றினார். இடதுதான். ஆம்ப்பில் வயரை இடம் மாற்றிச் செருகினார், பிறகு ஆம்ப்பையே மாற்றினார். இடது. கடைசியில் வாசலில் நின்ற தன் காரிலிருந்து செட்டையே பிடுங்கிவந்து பொருத்தினார். அதற்கும் அதே இடது பக்கம், அதே போர்வை. அதைக் கழற்றிவிட்டு டீச்சருடைய செட்டையே திரும்பச் செருகினார். மணி இரண்டரை. மாற்ற இனி ஒரு சாமான் பாக்கியில்லை.

கை தவறி ஒரு ஸ்க்ரூ விழுந்து பின் சீட்டுப் பக்கம் ஓடியது. அவர் டிரைவர் சீட்டில் மண்டியிட்டு, பின்பக்கம் பார்த்தபடி, இரண்டு சீட்டுக்கும் நடுவே கையை விட்டுத் துழாவினார். வயலின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இடது கதவிலிருந்து அது பளிச்சென்று கேட்டது.

துழாவிய கை நின்றது. காலையிலிருந்து செத்துக்கிடந்த ட்வீட்டர் இப்போது ஊசி மாதிரி வாசித்தது. செத்தது வலது பக்கம். அவர் மெல்லத் திரும்பி முன்னால் பார்த்து உட்கார்ந்தார். இடது மந்தம். மறுபடி பின்னால் திரும்பி மண்டியிட்டார். வலது மந்தம். ஐந்தாறு முறை அப்படித் திரும்பித் திரும்பி உட்கார்ந்தார். தெருவில் போகிறவர்கள் பார்த்திருந்தால், ஆளுக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் வலது காதை உள்ளங்கையால் பொத்தினார். வயலின் போய்விட்டது. எங்கோ தூரத்தில் யாரோ மெத்தையை அடிக்கிற மாதிரி வூஃபர் மட்டும் தொம் தொம் என்றது.

பழுது இடம் மாறிவிட்டது. அவரோடுதான் மாறியது.

பிறகு ஒவ்வொன்றாக வரிசை கட்டிக்கொண்டு வந்தது. போனை எப்போதும் வலது காதிலேயே வைத்தது. வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அலாரம் கேட்காமல் போனது. கூப்பிடக் கூப்பிட இடிச்ச புளி மாதிரி இருக்கீங்களே என்று மனைவி கேட்டது. டாக்ஸிக்காரனின் காதைக் குடையச் சொன்னது. கையோ காலோ போயிருந்தால்கூட ஒரு ஆளை வைத்துச் சமாளித்திருப்பார். போனது காது. அதுவும் இவருக்கு. ஐயோ என்று ஒரு சத்தம் அவர் வாயிலிருந்து வந்தது. அதையும் வலது காதுதான் கேட்டது.

வண்டியின் பானெட்மேல் டங்கென்று ஏதோ விழுந்தபோதுதான் நிமிர்ந்தார். பாப்பா. மத்தியானம் அவர் சாப்பிட வராததால், அம்மா சொல்லிச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். இடது ஜன்னலோரம் நின்று இரண்டு தடவை கூப்பிட்டும் அப்பா திரும்பாததால், கோபம் இன்னும் தீரவில்லை என்று டிபன் பாக்ஸை வைத்துவிட்டுக் கிளம்பப் போனாள்.

மணி நாலு. ஒன்றரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறார். தண்ணீரில் மூழ்குகிறவன் எது கிடைத்தாலும் பிடிப்பான்.

"பாப்பா, டிரைவர் சீட்ல உக்காரு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கேக்குதான்னு சொல்லு."

அவள் திகைத்துப்போனாள். கடைசிக் கட்ட வேலையில் ஈ காக்கையை அண்டவிடாத மனுஷர். ஒன்றும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தாள். அவர் அவளுக்கு இடது பக்கம், பக்கத்து சீட்டில் முன்னால் பார்த்தபடி, வலது காது அவள்பக்கம் இருக்கும்படி உட்கார்ந்து செட்டில் கை வைத்தார்.

இடது பக்கம் கத்துகிறது என்றாள். குறைத்தார். இன்னும் என்றாள். குறைத்தார். இன்னும். இன்னும். ஒவ்வொரு இன்னும்-க்கும் அவருக்கு முதுகில் ஒரு அடி விழுந்தது. எவ்வளவு தூரம் ஏற்றிவைத்திருக்கிறார்! அந்த டீச்சர் எப்படித்தான் பொறுத்தாரோ.

"இப்ப சரிப்பா. நடுவுல நிக்குது. கண்ணாடிக்கு முன்னாடி ஒரு ஆள் நின்னு வாசிக்கிற மாதிரி இருக்கு."

ஆயிரம் பேரிடம் அவர் பெருமையாகச் சொன்ன வாசகம் அது. சின்ன வயதில் கடையில் விளையாடும்போது கேட்டு வைத்திருந்தாள் போல. அவர் கண்ணாடியைப் பார்த்தார். அங்கே அவருக்கு ஒருவரும் நிற்கவில்லை.

பலகைகளை மாட்டி முடிக்கவும் டீச்சர் வரவும் சரியாக இருந்தது. டீச்சர் கண்ணை மூடி இரண்டு நிமிஷம் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது. உங்கள் காதுக்கு ஈடு கிடையாது, போன வாரம் ஏதோ உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம், கொஞ்சம் ஜலதோஷம் என்றார் இவர். கார் போய்விட்டது. எதிர்க்கடைக்காரன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கட்டும். இன்றைக்குத் தப்பித்தாயிற்று. நாளைக்கு வருகிற காருக்கு யாரை உட்காரவைப்பது?

பிடுங்கிய செட்டைத் தன் காரில் திரும்ப மாட்ட உட்கார்ந்தார். பாப்பா வழக்கமான இடத்தில், அவருக்கு இடது பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவர் ஸ்க்ரூவை முறுக்கினார். நாலு ஸ்க்ரூ. மூன்றாவதை முறுக்கும்போது அவருடைய இடது காது மடலில் ஒரு விரல் பட்டது. திரும்பினார். மகள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அஞ்சு தடவை கூப்பிட்டேன்ப்பா. இந்தப் பக்கம் கேக்கவே இல்லையா?"

வயதானால் எல்லாருக்கும் கொஞ்சம் அப்படித்தான் என்று மழுப்பப் பார்த்தார். அவள் விடவில்லை.

"அப்போ அன்னிக்கு நான் கேட்டதும் கேக்கல."

"என்னம்மா கேட்டே?"

அவள் சொன்னாள். ஒரு மாதத்துக்கு முன்னால், இதே சீட்டில், சிக்னலில் நிற்கும்போது கேட்டிருக்கிறாள். விளையாட்டாக விண்ணப்பித்த வேலை கிடைத்துவிட்டது, அம்மா பூரித்துப் போயிருக்கிறாள், ஆனால் எனக்குப் போகப் பிடிக்கவில்லை, நீங்கள் போகாதே என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடுகிறேன் என்று. பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாம். அப்பா ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி ம் என்று தலையாட்டினாராம். மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டாளாம்.

அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் மடியில் விழுந்தது. அந்தப் பெண்ணைத்தான் பொய்க்காரி என்றார். இந்த வாயால்.

பாப்பா இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு வலது ஜன்னலுக்கு வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே குனிந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"இப்ப சொல்லுங்கப்பா. பேப்பர நாளைக்கே திருப்பிக் குடுத்துடறேன். கடையில உங்ககூடவே இருந்துக்கறேன். கேக்கறத நான் கேக்கறேன், திருகறத நீங்க திருகுங்க. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஒரு எழுத்து விடாமல் கேட்டது. போன மாதம் கேட்டிருந்தால் அவள் முடிப்பதற்குள் சொல்லியிருப்பார். இப்போதும் அந்த வார்த்தை தொண்டைவரை வந்து நின்றது. அவருக்கு அது வேண்டும். சோறு தண்ணீர் மாதிரி வேண்டும். இந்தப் பெண் நின்றால் கடை நிற்கும், பெயர் நிற்கும், எதிர்க்கடைக்காரன் கடைசிவரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதுதான் அவரைப் பயமுறுத்தியது. போகாதே என்று சொன்னால் சொல்வது அப்பனா, காது போன கடைக்காரனா? அவருக்கே தெரியவில்லை. ஊரான் கார்களில் ஏறி ஏறி உட்கார்ந்து, இன்னும் குறைங்க, இன்னும் குறைங்க என்று சொல்லிக்கொண்டே இவளுக்கு நாற்பது வயதாவது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

"கேக்கலம்மா," என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். வலது காதைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். சத்தமாகத் திரும்பச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்து அவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். அவள் சொல்லவில்லை. கடைக்குள்ளிருந்து டிபன் பாக்ஸை எடுத்து வந்து, அதே வலது ஜன்னல் வழியாக அவர் மடியில் வைத்தாள்.

"ஒண்ணுமில்லப்பா. ஆறிப்போச்சு, சாப்பிடுங்கன்னு சொன்னேன்."

ரொம்ப மெதுவாகத்தான் சொன்னாள். அவர் ம் என்று தலையாட்டினார்.