முதல் கேள்வி மூத்தவருக்கு

ஆய்வுரையை முடித்துவிட்டு மருமகள் தண்ணீர் குடித்தாள். அறையில் இருந்த பதினான்கு பேரும் முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த அவள் மாமனாரின், அந்த மூத்த பேராசிரியரின், பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சட்டக் கல்லூரியில் புதன்கிழமை மதியங்களில் ஆசிரியர்கள் தங்கள் ஆய்வை ஒருவர் முன் ஒருவர் படிப்பார்கள். முதல் கேள்வி மூத்தவருடையது. அவர் கேட்கும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. ஆளாளுக்குக் கத்திச் சந்தைக்கடையாகக் கிடந்த கூட்டத்தை ஒழுங்குக்குக் கொண்டுவர, இருபது வருடங்களுக்கு முன் அவரே செய்த ஏற்பாடு. அன்று அது பெருமையாக இருந்தது. இன்று அதுவே கழுத்துச் சுருக்காக வந்து விழுந்திருந்தது.

திரையில் அவருடைய அப்பாவின் தீர்ப்பு.

அப்பா நீதிபதி. கை சுத்தம், வாய் சுத்தம் என்று ஊரே சொன்ன மனிதர். வாடகைக்கு இருப்பவர் இறந்துபோனால் அவர் மனைவிக்கு அந்த வீட்டில் தொடர்ந்து இருக்க உரிமை இல்லை என்று நாற்பத்தொரு வருடங்களுக்கு முன் தீர்ப்பெழுதினார். ஒரு பழைய வழக்கிலிருந்து நான்கு வரிகளை எடுத்துக்காட்டி, நீதிமன்றமே இப்படிச் சொல்லியிருக்கிறது என்றார். மருமகள் அந்த வழக்கு அச்சான பழைய தீர்ப்புத் தொகுப்பைத் தேடி எடுத்துப் பார்த்திருக்கிறாள். அந்த நான்கு வரிகள் நீதிமன்றம் சொன்னவை அல்ல. தீர்ப்புக்கு முன்னால் பொடி எழுத்தில் அச்சிடும் வக்கீல் வாதத்திலிருந்து வந்தவை. அதுவும் தோற்றுப்போன வக்கீலின் வாதம். நீதிமன்றம் சொன்னது இரண்டு பக்கம் தள்ளி, நேர் எதிராக இருந்தது. அதன்பின் அறுபத்துமூன்று தீர்ப்புகள் அப்பாவைப் பின்பற்றியிருக்கின்றன. அறுபத்துமூன்று பெண்கள் சட்டிபானையோடு தெருவுக்கு வந்திருக்கிறார்கள். 'இது அசட்டையா, அல்லது வேண்டுமென்றே செய்ததா?' என்று கேட்டு அவள் உரையை முடித்திருந்தாள்.

காலையில் சாப்பாட்டு மேசையிலேயே பேச்சு வந்தது.

"படிச்சிட்டீங்களா மாமா? ஒரு வாரமா உங்க மேசை மேலயே இருக்கு."

"படிச்சேன். எங்கப்பா படத்துக்குக் கீழ உக்காந்துதானே இத எழுதின?"

"அங்கதான் மாமா வெளிச்சம் நல்லா இருக்கு. தப்பு இருந்தா சொல்லுங்க, எடுத்துடறேன்."

அவர் மகனைப் பார்த்தார்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்கப்பா? மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. நான் பல்லு புடுங்கறவன், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று மகன் எழுந்து கைகழுவப் போய்விட்டான்.

தப்பு இருந்தால் அல்லவா சொல்லலாம். அவள் எழுதியதில் ஓர் எழுத்துத் தப்பில்லை. தெரியாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். பதவியின் கடைசி இரண்டு வருடங்களில் அப்பாவுக்கு அச்செழுத்து தெரியாது. முகங்கள் மங்கலாகத் தெரியும், வழி தெரியும், புத்தகம் திறந்தால் வெறும் சாம்பல். சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. அன்று சட்டம் படித்துக்கொண்டிருந்த மகன், இன்றைய இந்த மூத்தவர், தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக் காட்டினான். அம்மாவுக்கு மட்டும் தெரியும். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரு நாள் அவனுக்குத் தேர்வு. அவசரமாகப் பக்கத்தைப் புரட்டி, கண்ணில் பட்ட இடத்தைப் படித்தான். "கோர்ட்டு சொன்னதுதானே?" என்று அப்பா கேட்டார். "ஆமாப்பா" என்றான்.

அப்பா அதற்குமேல் கேட்கவில்லை. பெற்ற பிள்ளையை யார் குறுக்கு விசாரணை செய்வார்கள்?

இப்போது பேசாமல் இருந்தால் அப்பா அசட்டை, அல்லது அயோக்கியர். பேசினால், கண் தெரியாததை மறைத்து நாற்காலியில் உட்கார்ந்தவர். அந்த இரண்டு வருடத்துத் தீர்ப்புகள் அத்தனையையும் தோண்டுவார்கள். எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே அப்பாதான் குனிந்து நின்றார்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் முன்னால் சாய்ந்தார். எந்த ஆய்விலும் அடிக்குறிப்பில் மட்டும் குற்றம் கண்டுபிடிப்பதால் அவருக்குப் பெயரே அடிக்குறிப்பு. "சார், டீ ஆறுது. நீங்க ஆரம்பிச்சாத்தான் எங்களுக்கு விடிவு."

மூத்தவர் எழுந்தார். கல்லூரிக்குள் மருமகளை அவர் நீங்கள் என்றுதான் அழைப்பார்.

"அந்தப் பக்கத்த அவர் படிச்சார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "படிக்காமலே எழுதிட்டார்ங்கறீங்களா சார்?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். "அது இதவிட மோசமாச்சே" என்றார் அடிக்குறிப்பு.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அப்போதே உட்கார்ந்திருக்கலாம். அப்பாவைப் பற்றிய அந்தச் சிரிப்பு தன் முதுகுக்குப் பின்னால் கிடந்தது அவருக்குப் பொறுக்கவில்லை.

"யாராவது படிச்சுக் காட்டியிருக்கலாம்."

"எதுக்கு சார்?"

இரண்டே சொல். சட்டம் படித்த, கூர்மையான பெண்தான் நம் வீட்டுக்கு வேண்டும் என்று அலைந்து தேடி அவளைக் கொண்டுவந்தவர் அவர்தான். கேட்ட பிறகு அவள் முகம் மெல்ல மாறியது. கையிலிருந்த காகிதத்தை மேசைமேல் வைத்தாள்.

"மாமா," என்றாள், தாழ்ந்த குரலில். "வேண்டாம்னா அடுத்த கேள்விக்குப் போயிடலாம்."

பதினான்கு பேரும் அதைக் கேட்டார்கள். அவர் நின்றுகொண்டே இருந்தார். புரொஜெக்டர் அவருக்குப் பின்னால் இருந்தது. திரையின் நடுவில் தலையும் தோளுமாக ஒரு கருப்பு நிழல் விழுந்து தீர்ப்பை மறைத்தது. அவளிடம் ஏதோ சொல்ல அவர் பக்கவாட்டில் திரும்பினார். அப்பாவின் வரிகள் அவருடைய வெள்ளைச் சட்டைமேல் ஏறி, தோளிலிருந்து முழங்கைவரை வளைந்து, அவர் மூச்சு விடும்போதெல்லாம் அசைந்தன.